மேட்டுத்தெருவின் சிவப்புத் தகடு

தினமும் காலையில் எதித்தா அத்தையும் நானும் இரண்டு தடவை பேசிக்கொள்வோம். முதல் தடவை அவள் வீட்டுச் சமையலறையில், ரொட்டியைக் கடித்துக்கொண்டு. அதைப் பேச்சு என்று சொல்ல முடியாது. அவள் வெண்ணெயை என் பக்கம் நகர்த்துவாள், நான் கத்தியை அவள் பக்கம் நகர்த்துவேன். இரண்டாவது தடவை தொலைபேசியில். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அன்றைய வெயிலின் அளவு வந்ததும், அதற்குரிய நிறத்தைப் பள்ளிகளுக்குச் சொல்வது என் வேலை. மேட்டுத்தெரு மழலையர் பள்ளியில் போனை எடுப்பவள் அத்தைதான்.

"சொல்லு தம்பி."

"மஞ்சள், அத்தை."

"மஞ்சள். சரி."

வைத்துவிடுவாள். சற்று முன்னால்தான் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம் என்பது இரண்டு பேர் குரலிலும் தெரியாது.

பிறகு கொக்கி வைத்த கழியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய், கம்பத்தில் அன்றைய தகட்டை மாட்டுவாள். பச்சை தொங்கினால் பிள்ளைகள் எப்போது வேண்டுமானாலும் வெளியே ஓடலாம். மஞ்சளுக்குத் தொப்பி வேண்டும். ஆரஞ்சு என்றால் நடுப்பகலில் உள்ளே இருக்க வேண்டும். சிவப்பு என்றால் முற்றத்துக் கதவே திறக்காது. முதலில் துணிக்கொடிகளைத்தான் வைத்திருந்தார்கள். சிலியின் தென்கோடியிலுள்ள எங்கள் புந்தா அரேனாஸ் காற்று அவற்றை ஒரே வாரத்தில் நார்நாராக்கிவிட்டது. கடைத்தெருவில் ஆட்கள் பிடித்துக்கொண்டு நடக்கக் கயிறு கட்டிவைக்கும் ஊரில் கொடி எப்படி நிற்கும்? அதனால் கூரைக்குப் போடும் துத்தநாகத் தகட்டை வட்டமாக வெட்டிச் சாயம் அடித்துக் கொடுத்தார் அத்தையின் கணவர் ரொசமெல் ஒயார்சோ. அவர் கூரைகளுக்குச் சாயம் அடிப்பவர். கீழ்த்தெருப் பள்ளிக்கும் அவர்தான் வெட்டிக் கொடுத்தார். ஊரில் பாதிக் கூரைகளின் சிவப்பும் அந்தத் தகட்டின் சிவப்பும் ஒரே டப்பாவிலிருந்து வந்தவை.

நான் நீரிணைக்கு அக்கரையிலுள்ள போர்வெனிரிலிருந்து படிக்க வந்தவன். அவர்கள் வீட்டில் அறை வாடகைக்கு இருந்தேன். அது அவர்கள் மகன் ஆலிரோவின் அறை. ராஜ நண்டு பிடிக்கும் படகில் போன ஆலிரோ திரும்பவில்லை. படகும் திரும்பவில்லை. அது நான் வருவதற்கு முந்தைய குளிர்காலத்தில். இதை எனக்குச் சொன்னது தெருமுனைக் கடைக்காரர். வீட்டில் யாரும் சொல்லவில்லை. அலமாரியில் ஒரு தட்டை எனக்கென்று காலி செய்து வைத்திருந்தார்கள். மற்றத் தட்டுகளில் அவன் சட்டைகள் மடித்தபடியே இருந்தன. நான் அவற்றைத் தொட்டதில்லை. அத்தை வாரம் ஒருமுறை வந்து என் தட்டை மட்டும் துடைத்துவிட்டுப் போவாள்.

அத்தை அழுது நான் பார்க்கவில்லை. அவள் எதையும் சத்தமாகச் செய்து பார்க்கவில்லை. பள்ளியில் பிள்ளைகளுக்குச் சமைப்பாள், பாத்திரம் கழுவுவாள், மூக்கு துடைத்துவிடுவாள். அங்கே வேலை செய்கிற பெண்கள் எல்லோருமே பிள்ளைகளுக்கு அத்தைதான். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். ரொசமெல் அதனால் எனக்கு மாமா ஆனார்.

மாமாவின் இடது கன்னத்திலிருந்து ஒரு கட்டியை முன்பே வெட்டி எடுத்திருந்தார்கள். வெயிலால் வந்தது. வெட்டும்போது நரம்பும் போனதால் அந்தக் கன்னம் மரத்துவிட்டது. மாத்தே என்ற மூலிகைத் தேநீரை உறிஞ்சும்போது வாயோரம் ஒழுகும், அவருக்குத் தெரியாது. அத்தை தன் வாயோரத்தைத் தொட்டுக் காட்டுவாள், அவர் துடைத்துக்கொள்வார். சவரம் செய்யும்போது கீறியது தெரியாமல், காய்ந்த ரத்தத்தோடு வேலைக்குக் கிளம்பியிருக்கிறார். ஒரு தடவை அந்தக் கன்னத்தைத் தட்டிக்காட்டி, "இந்தப் பக்கம் எவன் அறைஞ்சாலும் எனக்கு நஷ்டம் இல்ல தம்பி" என்றார். சிரிப்பு முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் வந்தது.

அந்த வருஷம் செப்டம்பரில் அதே பக்கத்துக் காதில் ஒரு புள்ளி வந்தது. வடக்கேயிருந்து அறுவை மருத்துவர் நவம்பரில் வருவார், அதுவரை வெயிலில் போகக் கூடாது, போனால் காதோடு நிற்காமல் உள்ளே இறங்கிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். மாமா அப்போது மேட்டுத்தெரு மாதா கோயில் மண்டபத்தின் கூரையில் பாதி வேலையில் இருந்தார். துருவைச் சுரண்டி, வெறும் தகடாக விட்டிருந்தார். நவம்பரில் பெரிய காற்று தொடங்கினால் சாயம் அடிக்க முடியாது. அப்படியே விட்டால் ஒரு மழைக்காலத்தில் கூரை ஓட்டையாகிவிடும். அரைகுறையாக விட்ட கூரை அவர் பெயரில் ஊரில் ஒன்றுகூட இல்லை.

ஆகவே கணவனும் மனைவியும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். கோயில் கூரையிலிருந்து பள்ளிக் கம்பம் நன்றாகத் தெரியும். பச்சையும் மஞ்சளும் தொங்கினால் அவர் தொப்பியும் கழுத்துத் துணியும் கட்டிக்கொண்டு வேலை செய்வார். ஆரஞ்சோ சிவப்போ தொங்கினால் இறங்கிவிடுவார். உருளைக்கிழங்கு அடை தட்டிக்கொண்டே அத்தை கேட்டாள், சாப்பிட்டுக்கொண்டே அவர் தலையாட்டினார். அவ்வளவுதான்.

அதற்கடுத்த சனிக்கிழமை மத்தியானம், மாமா தூங்கிக்கொண்டிருந்தபோது, அத்தை மேசையில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். நான் ஏதோ கவிதைப் புத்தகம் வைத்திருந்தேன். மூடினேன்.

"இத்தனை வருஷமா நிறத்தை மாட்டுறேன். ஓசோன் ஓசோன்னு பிள்ளைங்களுக்குச் சொல்றேன். அது என்ன பண்ணுதுன்னு எனக்கே தெரியாது. வெயில் அதை உடைக்குதுன்னு சுவத்துல படம் ஒட்டியிருக்காங்க. உடைஞ்சா அது எப்படிக் காப்பாத்தும்?"

தீப்பெட்டியை எடுத்து மூன்று குச்சிகளைச் சேர்த்து வைத்தேன். சாதாரணமாக நாம் மூச்சுவிடும் காற்றில் ஆக்ஸிஜன் இரண்டிரண்டாக இருக்கும், ஓசோனில் மட்டும் மூன்றாக இருக்கும் என்றேன். வெயிலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் உண்டு, புற ஊதா. தோலைச் சுடுவது அதுதான். அது மேலேயிருந்து வந்து இந்த மூன்றின்மேல் மோதும். ஒரு குச்சியைத் தள்ளி வைத்தேன். ஒன்று பிரிந்துவிடும், இரண்டு நிற்கும். பிரித்த வெளிச்சம் அந்த வேலையிலேயே தீர்ந்துபோகும், கீழே வராது. பிரிந்த ஒன்று அலைந்து இன்னொரு ஜோடியோடு சேரும். மறுபடி மூன்று. மறுபடி வெளிச்சம் வரும்.

"அப்போ உடையறதுதான் அதோட வேலை."

"ஆமா அத்தை. உடையும், சேரும். அதுலேயே வெளிச்சம் செலவாயிடும்."

"இங்க மட்டும் ஏன் ஓட்டை?"

பழைய குளிர்பெட்டிகளிலிருந்தும் தெளிப்பான் டப்பாக்களிலிருந்தும் போன வாயு மேலே இருக்கிறது, அதையும் அதே புற ஊதாதான் உடைக்கிறது, அதிலிருந்து குளோரின் வெளியே வருகிறது என்றேன். தெற்கே துருவத்துக்கு மேல் குளிர்காலம் முழுக்க இருட்டில் அது தயாராகிக் காத்திருக்கும். வசந்தத்தில், இங்கே அது செப்டம்பர், சூரியன் திரும்பியதும் ஓசோனை ஒவ்வொன்றாக இரண்டாக்கிவிடும். ஒரு குளோரின் ஆயிரக்கணக்கில் முடித்துவிட்டுத் தான் அப்படியே இருக்கும். பிறகு வெளிச்சம் வரும்போது உடைவதற்கு அங்கே போதுமான ஓசோன் இருக்காது. வெளிச்சம் நேரே நம் கூரைக்கு வந்துவிடும்.

நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அது. அத்தை குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தனியாப் போகுதே, அது எப்பவும் இன்னொரு ஜோடிக்குப் போயிடுமா?"

"கிடைச்சா சேரும்."

"கிடைக்கலேன்னா?"

"திரியும்."

தள்ளி வைத்த குச்சியை எடுத்து உரசி, அடுப்பைப் பற்றவைத்தாள். தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். மீதி இரண்டையும் பெட்டியில் போட்டு மூடினேன்.

திங்கட்கிழமை நான் போனில் பச்சை என்று சொன்னேன். "பச்சை. சரி" என்றாள். மத்தியானம் சாப்பிட வந்தபோது பள்ளிக் கம்பத்தில் சிவப்பு தொங்கியது. ஜன்னல் கண்ணாடியில் பிள்ளைகளின் மூக்குகள் வரிசையாகத் தெரிந்தன. கோயில் கூரையில் யாரும் இல்லை. வீட்டில் மாமா பூட்ஸைக் கழற்றிவிட்டு வானொலி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குச் சிவப்பாம்" என்றார்.

நான் சூப்பைக் குடித்தேன்.

செவ்வாய் மஞ்சள் சொன்னேன், சிவப்பு தொங்கியது. புதன் பச்சை சொன்னேன், சிவப்பு. போனில் அவள் குரல் ஒரு இம்மியும் மாறவில்லை. நான் சொன்ன நிறத்தைத் திருப்பிச் சொல்லுவாள், சரி என்பாள், போய் வேறு நிறத்தை மாட்டுவாள். வீட்டில் வெண்ணெயை என் பக்கம் நகர்த்துவாள். அவள் என்னிடம் எதையும் மறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. என்னிடம் அதைப்பற்றி ஒன்றுமே பேசவில்லை.

வாரக் கடைசிக்குள் தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. கீழ்த்தெருப் பள்ளியில் பச்சை, ஏறி வந்தால் மேட்டுத்தெருவில் சிவப்பு. பிள்ளைகள் அடைத்துவைத்த நாய்க்குட்டிகள் மாதிரி வீட்டுக்கு வந்து ஆடுகிறார்கள் என்று தாய்மார்கள் புலம்பினார்கள். பகிர்வு டாக்சி ஓட்டுபவர் ஒருவர், மேட்டுத்தெருக்காரர்கள் பணக்காரர்கள், தனியாக ஒரு சூரியன் வைத்திருக்கிறார்கள் என்று ஏறுகிற எல்லோரிடமும் சொன்னார். என்னிடமும் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா கொல்லையில் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அவற்றில் கழுவ ஒன்றும் இல்லை, ஒரு வாரமாகச் சாயம் படாதவை. ஆனாலும் கழுவினார். நான் தண்ணீர் ஊற்றினேன்.

"கூரை மேல ஏறினா ரெண்டு கம்பமும் தெரியும் தம்பி" என்றார், தலையைத் தூக்காமல். "கீழ்ப் பள்ளியில பச்சை. இங்க சிவப்பு. ரெண்டும் நான் வெட்டின தகடு. எது பொய்யின்னு எனக்குத் தெரியாதா?"

"முதல் நாளே தெரியுமா மாமா?"

"முதல் நாளே."

"அப்புறம் ஏன் இறங்கினீங்க?"

தூரிகையை உதறினார். "அவ மாட்டியிருக்கா. இறங்கினேன்."

பிறகு வெகுநேரம் கூரையைப் பற்றிப் பேசினார். வெறும் தகட்டில் ஏற்கெனவே வெள்ளையாகப் பூத்திருக்கிறது, இன்னும் ஒரு வாரம் போனால் மறுபடி முதலிலிருந்து சுரண்ட வேண்டும், பாதிரியாருக்குக் கூரையைப் பற்றி ஒரு இழவும் தெரியாது, தனக்குத் தெரியும் என்றார்.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியை மிர்னா அத்தையைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். என்ன நடந்தது என்பதை அத்தையே அன்று சாப்பாட்டின்போது எங்கள் இருவரிடமும் சொன்னாள், கடையில் ரொட்டி தீர்ந்துவிட்டது என்று சொல்லுகிற மாதிரி. மிர்னா கேட்டாளாம், யார் மாட்டியது என்று. நான்தான் என்றாளாம். ஏன் என்றதற்கு, அவர் இறங்கணும் என்றாளாம். மிர்னா எழுந்து கதவைச் சாத்தினாளாம். பிறகு, பிள்ளைகள் முற்றத்தைப் பார்த்து ஒரு வாரம் ஆகிறது, நீ இப்படி மாட்டினால் நிஜமான நாளில் ஒருத்தரும் அண்ணாந்து பார்க்கமாட்டார்கள், நாளையிலிருந்து போனில் சொல்லுகிற நிறத்தை மாட்டு, இல்லையென்றால் கழியை வேறு ஆளிடம் கொடுத்துவிடு என்றாளாம்.

"என்ன சொன்னே?" என்றார் மாமா.

"சரின்னேன்."

அவர் வாயோரம் சூப் வழிந்தது. அத்தை தன் வாயோரத்தைத் தொட்டுக் காட்டினாள். அவர் துடைத்துக்கொண்டார்.

அதன்பின் உண்மையான நிறங்கள் தொங்கின. பச்சை, பச்சை, மஞ்சள். மாமா கூரையில் இருந்தார். ஒருநாள் ஆரஞ்சு வந்தபோது இறங்கினார். கூரை உச்சியை ஒட்டி ஒரு பட்டை மட்டும் மீதியிருந்தது. அதற்குள் காற்று தொடங்கிவிட்டது. இரண்டு நாள் அவர் ஏணியைச் சாத்தக்கூட முடியவில்லை. சமையலறையில் உட்கார்ந்து கண்ணாடி அதிர்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காற்று நின்றது.

எங்கள் ஊரில் காற்று நின்றால் திருவிழா மாதிரி. நாங்கள் பிறந்ததிலிருந்து குனிந்து நடப்பவர்கள். எங்களை அடிப்பது காற்று, எங்கள் முகத்தை வெடிக்கவைப்பது காற்று, எதற்கும் காற்றைத்தான் திட்டுவோம். அது இல்லாத நாளில் கெட்டது ஒன்றும் வராது என்று உடம்பே நம்பிவிடும். தொப்பியைக் கழற்றிவிடுவோம். குளிர் கொஞ்சமும் குறைந்திருக்காது, ஆனாலும் அரைக்கைச் சட்டையோடு திண்டில் உட்கார்ந்து முகத்தை அண்ணாத்திக் கண்ணை மூடிக்கொள்வோம். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவனான நானும் அன்று காலை கம்பளிக் குல்லாயைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் நடந்தேன்.

ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் திரையைப் பார்த்துவிட்டு நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். துருவத்து ஓட்டை அகண்டு வந்து ஊருக்கு நேர்மேலே நின்றிருந்தது.

"சொல்லு தம்பி."

"சிவப்பு, அத்தை."

அன்றுதான் அவள் உடனே திருப்பிச் சொல்லவில்லை. அவள் மூச்சு கேட்டது. பின்னால் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"சிவப்பு. சரி."

பத்தரை மணிபோல, மதியச் சாப்பாட்டை முன்னதாகவே முடித்துவிடலாம் என்று கிளம்பினேன். உண்மையில் கம்பத்தைப் பார்க்கத்தான் போனேன். சிவப்பு தொங்கியது. தெருவில் யாரும் அதைப் பார்க்கவில்லை. பெரிய பிள்ளைகள் சட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு பந்து விளையாடினார்கள். கடைக்காரர் நாற்காலியை வெளியே போட்டிருந்தார். நான் கம்பத்தைக் காட்டியதும், "அது உங்க வீட்டு விவகாரம்ல" என்று சிரித்தார். கீழ்த்தெருவிலும் சிவப்புதான் என்றேன். "இருக்கட்டும், காத்தே இல்ல பாரு" என்றார்.

கோயில் கூரையில் மாமா இருந்தார். கழுத்துத் துணி இல்லை, தொப்பி மட்டும். இரண்டு கம்பங்களும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு பட்டைதான் மீதி. இப்படி ஒரு நாள் இனி கோடை முடியும்வரை வராது. நான் கீழே நின்று, "மாமா, இது நிஜம்" என்றேன்.

"தெரியும்" என்றார். தூரிகை நிற்கவில்லை.

அதற்குப்பின் நான் என்ன செய்வது என்று தெரியாமல் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிடிக்கத் தேவையில்லை, காற்று இல்லை.

பள்ளிக் கதவு திறந்தது. அத்தை மேலங்கியோடு தெருவைக் கடந்து வந்தாள். கையில் ஒரு குடை இருந்தது. எங்கள் ஊரில் குடை என்பது கேலிப்பொருள். திறந்த மாத்திரத்தில் காற்று அதைத் திருப்பிக் கம்பிகளை ஒடித்துவிடும், யாரும் வாங்குவதில்லை. இது ஆலிரோ ஒரு தடவை வடக்கே போனபோது அம்மாவைச் சீண்ட வாங்கிவந்தது. கறுப்பு, மரக் கைப்பிடி. வீட்டு முன்கூடத்தில் ஆணியில் தொங்கும், போனுக்குப் பிறகு போய் எடுத்துவந்திருப்பாள். நான் அது திறந்து பார்த்ததே இல்லை.

"ஏணியைப் பிடி தம்பி" என்றாள்.

"அத்தை, நான் போறேன். நீங்க—"

"பிடி."

ஏறினாள். ஒரு கையில் குடை, ஒரு கையில் ஏணி. மாமா திரும்பிப் பார்த்தார்.

"கிழவி, உனக்குப் பைத்தியமா? வழுக்கும்."

"சாயம் காயாத பக்கம் எது?"

"இடது."

வலது பக்கமாகக் கால் வைத்து உச்சிக்குப் போய், முகட்டின்மேல் உட்கார்ந்து, குடையை விரித்தாள். அது விரிந்து அப்படியே நின்றது. இந்த ஊரில் விரிந்த குடை அசையாமல் நிற்பதை நான் முதல்முறையாகப் பார்த்தேன். அதை அவர் தலைக்கு மேல், இடது காதுப் பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.

"அடி" என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் அடிக்கவில்லை. பிறகு அடித்தார். ஒரு கை நீளத்துக்கு அடித்ததும் நகர்வார், அவளும் முகட்டில் உட்கார்ந்தபடியே நகர்வாள், குடையும் நகரும்.  கீழே பந்து நின்றுவிட்டது. டாக்சிக்காரர் வண்டியை நிறுத்தி, மழை வரப்போகிறதா அத்தை என்று கத்தினார். கடைக்காரர் எழுந்து நின்று சிரித்தார். அத்தை யாரையும் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அடங்கியபின் ஒரு தாய் வெளியே வந்து, பந்து விளையாடிய தன் பையனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். மற்றவர்கள் விளையாடினார்கள்.

துணிக்குடை நேராக வருவதைத்தான் தடுக்கும். புற ஊதா வானம் முழுக்கச் சிதறி, எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும். புதுச் சாயத்திலிருந்தும் கொஞ்சம் எகிறும். பாதிக்குமேல் அவர்கள் முகத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. அது எனக்குத் தெரியும். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பட்டை முடிந்ததும் இறங்கினார்கள். முதலில் அவர், பிறகு அவள். குடையின் விளிம்பில் சிவப்புச் சாயம் பட்டிருந்தது. அத்தை அதை மடக்காமல் என்னிடம் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குத் திரும்பிப் போனாள். பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் நேரம்.

அன்று சாயங்காலம் இருவர் முகங்களும் செங்கல் நிறத்தில் இருந்தன. என் நெற்றியும் எரிந்தது. மாமாவின் வலது கன்னம் எரிந்திருக்க வேண்டும். இடதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒப்பந்தத்தை மீறியதைப் பற்றியும் யாரும் பேசவில்லை.

நவம்பரில் மருத்துவர் வந்தார். காதின் மேல்பாதியை எடுத்துவிட்டார். உள்ளே இறங்கியிருக்கவில்லை, ஆனால் இனிமேல் கூரை கூடாது என்றார். அந்த ஒரு நாளால் கூடியதா, குடையால் குறைந்ததா என்று அத்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவரால் சொல்லியிருக்க முடியாது. இது இருபது முப்பது வருஷத்துக் கூரைகளின் கணக்கு. மாமா இப்போது பள்ளிக்குள்ளேயே உட்கார்ந்து கதவு, நாற்காலிகளுக்குச் சாயம் அடிக்கிறார். கழி இன்னும் அத்தையிடம்தான் இருக்கிறது. நான் சொல்லும் நிறத்தைத் திருப்பிச் சொல்லி, அதையே மாட்டுகிறாள். கோயில் மண்டபத்தின் கூரை மேட்டுத்தெருவிலேயே பளிச்சென்று இருக்கிறது.

சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன்னால் அத்தை அவர் காதுக்கு மருந்து தடவுகிறாள். அவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். அந்தப் பக்கம் முழுக்க மரத்துவிட்டதால் விரல் படுவதும் எடுப்பதும் அவருக்குத் தெரிவதில்லை.

நேற்று நான் மேசையில் முள்கரண்டிகளை வைத்துக்கொண்டிருந்தேன்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

மருந்துக் குழாயை மூடி ஏற்கெனவே மேசையில் வைத்துவிட்டிருந்தாள். கை மட்டும் அவர் காதின்மேல் இருந்தது.

"இல்ல. இன்னும் இருக்கு" என்றாள்.

வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் மேசையும், அதன்மேல் மூடிவைத்த மருந்துக் குழாயும் நன்றாகத் தெரிந்தன. அவர் அதைப் பார்த்தார். அசையாமல் உட்கார்ந்திருந்தார்.